தென்முகட்டுக்கு இறுதி அழைப்பு

“ஊரையே பேர் சொல்லிக் கூப்பிடறே. என்னை ஒரே ஒரு தடவை கூப்பிட்டா வாய் வெந்தா போயிடும்?” என்று கேட்டான் திருமேனி.

“அதெல்லாம் நிலையத்துல. வீட்ல கிடையாது,” என்றாள் தையல்நாயகி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

“அப்போ ஒரு நாள் டிக்கெட் வாங்கிட்டு நிலையத்துக்கே வரேன். அன்னிக்குக் கூப்பிட்டுத்தானே ஆகணும்?”

“அன்னிக்கும் எந்த இடத்துல உக்காந்திருக்கீங்கன்னு சொல்லித்தான் கூப்பிடுவேன். பேசாம சாப்பிடுங்க, தோசை ஆறுது.”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. அவன் சொன்னபடியே ஒரு நாள் டிக்கெட்டோடு வந்து நிற்பான் என்று அன்று இருவருக்குமே தெரியாது.

அவர்கள் வாழ்ந்த உச்சிநாடு மலைமுகடுகளால் மட்டுமே ஆனது. முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே பள்ளம், பள்ளம் முழுக்கப் பனிமூட்டம். அதில் கல்லை எறிந்தால் விழுந்த சத்தம் மேலே வராது. ஒரு முகட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வான்கலத்தை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் கலங்களை அரச வான்வழிக் கழகம் ஓட்டிவந்தது. மன்னரையோ மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். அது மிகவும் முற்போக்கான முடியாட்சி.

வடமுகட்டு நிலையத்தில் தையல்நாயகி அறிவிப்பாளர். பனிமூட்டத்தில் கலம் கிளம்பியதா, இறங்கியதா என்று யார் கண்ணுக்கும் தெரியாது. மைக்கில் அவள் “கிளம்பியது” என்றால் மக்கள் கையசைத்தார்கள், “சேர்ந்தது” என்றால் பெருமூச்சு விட்டார்கள். மைக்கில் சொன்னதே நடந்தது என்பது முதலில் பழக்கமாக இருந்தது. நாளடைவில் சட்டமாகவும் ஆயிற்று. அந்த நாட்டுப் பெண்கள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அது சட்டமில்லை, வெறும் பழக்கம்தான். ஆனால் சட்டத்தை விட அழுத்தமாக இருந்தது.

கழகம் நெடுங்காலமாக நஷ்டத்தில் ஓடியது. கலங்கள் பழசாகி, பறக்கும்போதே ஆணி உதிர்ந்தது. தேர்தல் நெருங்கவும் மன்னர் அயல்நாட்டுப் பட்டறையில் நூறு புதிய கலங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். முகடெங்கும் போஸ்டர் ஒட்டினார்கள். மன்னர் வென்றார். விழா முடிந்த பிறகுதான் கஜானாவைத் திறந்து பார்த்தார்கள்.

வானமைச்சர் கோபுரநாதர் நிலையத்து மேடையில் ஏறினார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

“பெருமக்களே! நூறு கலங்களில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. நமது ஆய்வுக்குழு ஓர் உண்மையைக் கண்டறிந்துள்ளது. போகிறவர்கள்தான் வருகிறார்கள்! ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு கலம்? எனவே வருகின்ற ஐம்பது கலங்களின் ஆர்டரை ரத்து செய்து, நாட்டின் செல்வத்தைக் காப்பாற்றியிருக்கிறார் நமது மன்னர்!”

கைதட்டல் வெகுநேரம் கேட்டது. தட்டியவர்களில் பலரின் பிள்ளைகள் வேறு முகடுகளில் இருந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மீதி ஐம்பதும் ரத்தாயின. பழைய கலங்களும் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அமைச்சர் மறுபடி மேடையேறினார்.

“குறைக்கப்பட்டவை கலங்கள் மட்டுமே. பயணங்களில் ஒன்றுகூடக் குறையாது.”

மறுநாள் ஓடுதளத்தில் சுண்ணாம்பால் ஒரு கலத்தின் உருவம் வரைந்தார்கள். மூக்கு, இறக்கை, வால் எல்லாம் சரியான அளவில் இருந்தன. கோட்டுக்குள் வரிசையாக நாற்காலி போட்டு, அவற்றில் பெல்ட்டும் தைத்தார்கள். பயணிகள் ஏறி உட்கார்ந்தார்கள். பணிப்பெண் காதுக்குப் பஞ்சும் வாய்க்குப் புளிப்பு மிட்டாயும் கொடுத்தாள். வழக்கமான பயண நேரம் முடிந்ததும், கலம் தென்முகடு சேர்ந்தது என்று தையல்நாயகி மைக்கில் சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்த திருமேனிக்குத் தென்முகட்டுக்கு மாற்றல் வந்தது.

“போகலைன்னா வேலை போயிடும் தையலு. சும்மா நாற்காலில உக்காந்துட்டு, மிட்டாய் தின்னுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடப்போறேன். அங்கே சேர்ந்துட்டேன்னு அவங்களே எழுதிப்பாங்க. இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?”

“எனக்கு என்னமோ பிடிக்கலைங்க.”

“பேர் சொல்லிக் கூப்பிடணுமேன்னு பயம். அதானே?”

அவள் சிரித்துவிட்டாள். அன்று மைக்கின் முன்னால் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே, கோட்டுக்குள், பெல்ட் போட்டுக்கொண்டு அவன் கையாட்டினான். போகாதீங்க, எழுந்து வாங்க என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் காவலர் நின்றார். நிஜக் கலம் ஓடிய நாளில், எழுதிக்கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் பேசிய பழைய அறிவிப்பாளரை அடுத்த கலத்திலேயே வேறு முகட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். தாளில் திருமேனியின் பெயர் இருந்தது. அவள் அதையும் படிக்கவில்லை. “ஜன்னலோரப் பயணிக்கு இறுதி அழைப்பு,” என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நின்று, “தென்முகட்டிலேருந்து விருந்தாளி வந்திருக்கேன், காபி உண்டா?” என்றான். அவள் அழுதுகொண்டே காபி போட்டாள்.

அடுத்த வாரம் புது ஆணை வந்தது. தென்முகடு சேர்ந்தவர் வடமுகட்டில் இருக்க இயலாது. திரும்பும் கலம் இல்லாததால் திரும்பியிருக்கவும் இயலாது. ஆகவே அப்படி யாரையாவது பார்ப்பதாகச் சொல்வது அரசின் பயணச் சாதனையை இழிவுபடுத்தும் குற்றம்.

முதலில் எல்லோரும் பார்க்காதது போல நடித்தார்கள். பால்காரர் திருமேனி நீட்டிய பாத்திரத்தைத் தாண்டி அவளிடம் ஊற்றினார். பக்கத்து வீட்டு அமரேசன், அவனோடு தினமும் சதுரங்கம் ஆடியவர், எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார். திருமேனி அதையும் வேடிக்கையாக்கினான். அமரேசனின் காதருகே போய் ராகம் இழுத்தான். ஒரு நாள் அப்படி இழுத்தபோது அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. கண் இமைத்தது, அவனுக்குப் பின்னாலிருந்த முருங்கை மரத்தைப் பார்த்தது.

“தையலு, அவர் நடிக்கலை,” என்று வீட்டுக்குள் வந்து சொன்னான். அன்றுதான் அவன் முதல் தடவையாகப் பயந்தான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. தெருநாய்கள் அவனைக் கண்டு குரைப்பதை நிறுத்தின. ஈர முற்றத்தில் நடந்தால் கால் தடம் விழவில்லை. ஊற்றிவைத்த காபி ஆறிக் கிடந்தது. குடித்ததாக அவன் சொன்னான், டம்ளரில் அளவு மட்டும் குறையவில்லை. அவன் பேச்சும் மெலிந்துகொண்டே போய், கடைசியில் முனகல் மட்டும் மிஞ்சியது. காலையில் அடுக்களை வாசலில் நின்று அவன் எப்போதும் முனகும் அந்த மெட்டு. அது கேட்டால் அவளுக்கு அன்றைய நாள் விடிந்தது.

அரசின் வீட்டுப் பார்வையாளர் ஒருவர் சோதனைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் அடுக்களை வரை நடந்தார்.

“வீட்டில் எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான் ஐயா.”

“இரண்டு டம்ளர் தெரிகின்றனவே?”

“ஒண்ணு குடிக்க. இன்னொண்ணு ஆத்த.”

“தலையணையும் இரண்டோ?”

“எனக்குக் கழுத்து வலிங்க.”

பார்வையாளர் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு போனார். அவர் கையில் அதைக் கொடுத்தபோது தையல்நாயகி அதன் நடுவே விரலால் தொட்டுப் பார்த்தாள். பள்ளமே விழாமல், கடையில் வாங்கியபோது இருந்தது போலவே இருந்தது.

மறுபடியும் தேர்தல் வந்தது. போனவர்களின் வாக்குகளெல்லாம் தென்முகட்டிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தன. எல்லாம் மன்னருக்கே. ஆனாலும் பிரசாரக் கூட்டத்தில் யாரோ, “நூறு கலம் எங்கே?” என்று கத்திவிட்டார். கத்தியவர் அன்றே பயணம் அனுப்பப்பட்டார். கேள்வியை அனுப்ப முடியவில்லை. அது கூட்டத்துக்குக் கூட்டம் வந்து நின்றது.

“கலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நானே ஏறிக் காட்டுகிறேன்,” என்றார் மன்னர்.

ஓடுதளத்தில் இதுவரை வரையாத அளவில் ஒரு கலம் வரைந்தார்கள். மன்னருக்கு மூக்குப் பக்கம் பட்டுத் திண்டு போட்ட நாற்காலி. பிரபுக்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். கோபுரநாதருக்கு மட்டும் கடைசி நேரத்தில் வயிறு சரியில்லாமல் போனதால் அவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். வடமுகட்டு ஜனமெல்லாம் வேலிக்கு அப்பால் கூடியிருந்தது.

அன்று காலை தையல்நாயகி அடுக்களையில் வெகுநேரம் நின்றாள். அடுப்பை அணைத்து, மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிப் பார்த்தாள். முனகல் கேட்கவில்லை. வாசலைப் பூட்டும்போது பக்கவாட்டில் வெயில் சற்றே மங்கியது போல இருந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு. அந்த மங்கல் நிலையம் வரை அவள் கூடவே வந்தது. இப்போது கண்ணாடிக்கு வெளியே, கோட்டோரத்தில், அவன் அன்று உட்கார்ந்திருந்த ஜன்னலோர இடத்தில் நின்றது. வெயில் ஏற ஏற அது கரைந்துகொண்டிருந்தது.

அவள் தாளைப் படித்தாள். முகில்வேந்தர், விண்ணளந்தார், முகடுகளின் தந்தை ஆகிய மன்னர் பெருமான் ஏறியருளிய கலம் கிளம்பியது. உரிய நேரம் கழித்து, சேர்ந்தது.

கூட்டம் பெருமூச்சு விட்டது. மன்னர் பெல்ட்டைக் கழற்றி எழுந்து, கைகளை விரித்து, “எனது அன்பு மக்களே!” என்றார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நொடியில் வேலை செய்துவிட்டது. குழந்தைகள்கூட நாற்காலிகளுக்கு அப்பாலிருந்த பனிமூட்டத்தைப் பார்த்தார்கள். பிரபுக்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்கினார்கள். வேலியோரம் போய்க் கத்தினார்கள். ஜனம் மெதுவாகக் கலைய ஆரம்பித்தது.

கோபுரநாதர் மேடையேறினார். “தென்முகட்டில் மன்னருக்கு மகத்தான வரவேற்பு! அவர் அங்கிருந்தே நம்மை ஆள்வார். அவர் சார்பாக இனி நான்...” என்று தொடங்கினார். மன்னர் ஓடிப்போய் அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். கோபுரநாதர் காற்று என்று நினைத்து அதைச் சரிசெய்துகொண்டார். காவலர்கள் புது ஆட்சியின் முதல் உரையைக் கேட்க மேடைப் பக்கம் போய்விட்டார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு மைக் அறையில் தையல்நாயகி தனியாக இருந்தாள்.

தனியாக இல்லை. மூச்சிரைக்க மன்னர் உள்ளே வந்திருந்தார்.

“நீ... நீ என்னைப் பார்க்கிறாயா?”

“பார்க்கிறேன் மன்னரே. எனக்குப் பழக்கம்.”

“திரும்பும் கலத்தை அறிவி. உடனே.”

“அதுக்கான ஆர்டரை ரத்து பண்ணியாச்சே. நீங்கதான் கையெழுத்து போட்டீங்க.”

மன்னர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, அப்படியானால் பெயர் சொல்லியாவது கூப்பிடு. மைக்கில் சொன்னதே நடந்தது. அது நான் போட்ட சட்டம்தான். ஒரு தடவை கூப்பிடு, போதும்.”

“சரி. உங்க பேர் என்ன?”

“முகில்வேந்தர், விண்ணளந்தார்...”

“அதெல்லாம் பட்டம். வீட்ல கூப்பிடுற பேர்?”

மன்னர் வாயைத் திறந்தார். நெற்றியைத் தேய்த்தார். எதிர்ச்சுவரில் அவருடைய போஸ்டர் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் போய், மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். எல்லாம் பட்டங்களாகவே இருந்தன. தேடிக்கொண்டிருந்தவரின் முதுகு வழியாகச் சுவரின் வெள்ளை லேசாகத் தெரியத் தொடங்கியது.

தையல்நாயகி கண்ணாடிக்கு வெளியே திரும்பினாள். ஜன்னலோர இடத்தில் மங்கல் இருக்கிறதா இல்லையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேடையில் கோபுரநாதர், கலங்களுக்குப் பிறகு இனி எவற்றையெல்லாம் குறைக்கலாம் என்று பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார். காவலர் ஒருவர் அறையின் பக்கம் திரும்புவது தெரிந்தது.

அவள் எழுதிக்கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். மைக்கை இழுத்து வாயருகே வைத்தாள். முகடு முழுவதும் ஒலிபெருக்கிகள் கரகரத்தன, கோபுரநாதரின் குரல் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் ஏறாத பெயர், முதலில் மூச்சாக மட்டும் வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“திருமேனி,” என்றாள். “இறங்கி வாங்க. வீட்டுக்குப் போகலாம்.”