சேர்வதற்குக் கடைசித் தேதி

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருப்பதில் தனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என்று ஓர் அரசாங்கம் ஒருநாள் கடிதம் எழுதியது. கடிதம் வந்த வீட்டில் எல்லோருக்கும் ஆனந்தக் கண்ணீர். கல்யாணமான பத்தாம் நாளே கணவன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டான். அங்கே அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் பார்வையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். இரண்டு வருஷமாக அவர்கள் நடத்திய குடித்தனம் முழுவதும் போனில்தான்.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேற்படி மனைவியானவர் குறிப்பிட்ட தேதிக்குள் வந்து சேராவிடில், மேற்படியாரின் பிரிவுத்துயர் காலாவதியானதாகக் கருதப்படும். அதாவது, மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இப்போது அப்படிக் கிளம்புவது கௌரவக் குறைச்சல். தெருவில் வெளிநாடு போன எல்லோரும் இடமாற்ற ஆலோசகரை வைத்துக்கொண்டுதான் போனார்கள். கணவனும் போனிலேயே பேசி ஒருவரை அனுப்பிவைத்தான்.

"பேக்கிங்னு சொல்லாதீங்கம்மா, அது பழைய வார்த்தை" என்றார் ஆலோசகர். "பொருள் சார்ந்த விடைபெறுதல்னு சொல்லுங்க."

"பெட்டி எப்ப கட்டறது சார்?"

"பெட்டி கடைசி. முதல்ல மனசைக் கட்டணும்."

அவருடைய முறைப்படி வீட்டிலுள்ள சாமான்கள் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. கொண்டுபோவது ஒன்று, விட்டுப்போவது ஒன்று, யோசிப்பது ஒன்று. முதல் இரண்டும் வளரவில்லை. மூன்றாவது கூடத்தை நிரப்பி, அவளுடைய அப்பாவின் கட்டிலை எட்டியது. ஆலோசகர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையும் அதில்தான் சேர்ந்தது. மறுநாள் அவர் வந்து கேட்டபோது, "யோசிச்சிட்டிருக்கோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

கெடு நெருங்கியது. முன்கூட்டியே போய் இறங்குவது பதற்றத்தின் அடையாளம் என்றும், கடைசி நாளே உகந்த நாள் என்றும் ஆலோசகர் ஆராய்ந்து சொன்னார். இதைக் கேட்ட கணவனுக்குத் தலை சுற்றியது. லீவு போட்டுவிட்டு அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒரே மத்தியானத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் இரண்டு பெட்டிகளில் திணித்து, ஆலோசகரைக் குடையோடு வழியனுப்பினான். அந்தக் கெடுவுக்குள் கொண்டுபோய் இறக்கக்கூடிய ஒரே விமானத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

விமான நிலையத்தில் வெளியேற்ற ஒப்புதல் கவுண்டர் என்று ஒன்று உண்டு. அங்கிருந்த அதிகாரி கடமையே உருவானவர். கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"பயண நோக்கம்?"

"கணவரோட சேர்ந்து வாழறது" என்றாள் கண்ணாடிக்காரி.

"கணவர் எங்கே?"

"இதோ, பக்கத்துலதான் நிக்கறார்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். பேனாவை மூடினார். "அப்ப சேர்ந்துட்டீங்களே."

"சார்?"

"நோக்கம் நிறைவேறிடுச்சும்மா. நிறைவேறின நோக்கத்துக்கு நான் எப்படி ஒப்புதல் கொடுக்க முடியும்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவருக்கு வழியிலேயே குணமாயிட்டா, அப்புறமும் ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"நான் இவளைக் கூட்டிட்டுப் போகத்தான் சார் வந்தேன்" என்றான் கணவன்.

"வந்திருக்கக் கூடாது. நீங்க அங்கேயே இருந்து ஏங்கணும். அதுதான் முறை."

"சரி, நான் இப்பப் போறேன். இவ அடுத்த விமானத்துல வரட்டும்."

"தாராளமா. அடுத்தது நாளைக்கு. அதுக்குள்ள இவங்க தேதி முடிஞ்சிடும்."

கண்ணாடிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி விண்ணப்பம், மறுபடி இரண்டு வருஷம், மறுபடி அந்தப் பாழாய்ப்போன போன். அவள் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கே மனம் இளகியது. விதிகளைப் புரட்டி, ஒரு உட்பிரிவைக் கண்டுபிடித்தார்.

"அருகருகே இருந்தாலும் மனத்தளவில் பிரிந்திருப்போர் இதன்கீழ் பயன் பெறலாம்னு போட்டிருக்கு. ஆனா பிரிவை நான் நேர்ல கண்டறியணும்."

"சண்டை போட்டா போதுமா?"

"பார்த்துத்தான் சொல்லணும். ஆரம்பிங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க ரொம்ப மோசம்" என்றாள் அவள்.

"நீயும்தான்" என்றான் அவன்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இது கொஞ்சற மாதிரி இருக்கு. ஓரமா நில்லுங்க. அடுத்து யாரு?"

விமானத்துக்குக் கடைசி அழைப்பு விடுத்தார்கள். கணவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "லெட்டர் வந்த மறுநாளே கிளம்பியிருந்தா இந்தக் கூத்தெல்லாம் உண்டா?"

"அந்த ஆலோசகரை அனுப்பினது யாரு?"

"ஒத்தாசைக்குத்தான் அனுப்பினேன். வேணும்னே நாளைக் கடத்தினது நீ. உனக்கு வர மனசில்ல. அதானே?"

அது உண்மை என்பதுதான் கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்றது.

"ஆமா, பயந்தேன்! உங்க குரலைத் தெரியும், உங்களைத் தெரியுமா எனக்கு? பத்து நாள் பார்த்த ஆளை நம்பி வேலை, வீடு, அப்பா, எல்லாத்தையும் விட்டுட்டு வரணும்னா சும்மாவா? இதைச் சொல்லலாம்னு வாயெடுத்தாலே, லிஃப்ட்டுக்குள்ள போறேன், கட்டாயிடும்னு வெச்சிடுவீங்க!"

"அப்ப வராதே!"

"வரலை!"

டமால் என்று முத்திரை விழுந்தது. பிரிவு நேரில் கண்டறியப்பட்டது. சேரத் தகுதியுண்டு.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. "பயணம் இனிதே அமைய வாழ்த்துக்கள்."

வரிசையில் நின்ற மற்ற தம்பதிகள் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள நேரமாகவில்லை. அடுத்த நிமிஷம் கூடமே அதிர்ந்தது. இத்தனை காலம் மறந்துபோயிருந்த நாத்தனார்களும் நகைகளும் வெளியே வந்தன. தனியாகப் பயணம் செய்த ஒரு பெண்மணி, அவளுக்கு அது தேவையே இல்லை என்று அதிகாரி எடுத்துச்சொல்லியும் கேளாமல், கணவனைப் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

முத்திரையில் கண்டபடி விமானத்திலும் அவர்களுக்குத் தனித்தனி இருக்கை. இவள் முன்னால், அவன் கோடியில். வராதே என்று சொல்லிவிட்டானே என்று அவள் அழுதாள். வரலை என்று சொல்லிவிட்டு வருகிறோமே என்று இன்னும் கொஞ்சம் அழுதாள். நடுவில் பணிப்பெண் கூடுதலாக ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்தாள். யார் அனுப்பியது என்று இவள் கேட்கவில்லை, போர்த்திக்கொண்டாள்.

போய் இறங்கிய நாட்டில் வேறொரு கவுண்டர். மெய்யான தாம்பத்தியம் கண்டறியும் பிரிவு. பொய்க் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்களைப் பிடிப்பதற்காக ஏற்பட்டது. இவர்களுக்கு முன்னால் நின்ற ஜோடி ஒரே நிறத்தில் சட்டை போட்டு, கைகோத்து, ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் சிரித்தது. அதிகாரி அவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தனி விசாரணை அறைக்கு அனுப்பினார்.

கைகோத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், முகம் கொடுத்துப் பேசாத தங்களை அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்களே என்று கண்ணாடிக்காரி நினைத்தாள். கணவன் இரண்டு பெட்டிகளையும் தானே இழுத்துக்கொண்டு முன்னால் போனான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"கோட்டைப் போடு. வெளியே குளிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சா போட வேண்டியதுதானே?"

"போட்டுக்கறேன். நீங்க முதல்ல பாஸ்போர்ட்டை எடுங்க. அங்கே இல்ல, உள்பையில. கையில இருக்கற டிக்கெட்டை எங்கே தேடறீங்க?"

அதிகாரிக்கு இவர்கள் பாஷை தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். தானும் கல்யாணமானவர் போலும்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று தன் பாஷையில் கேட்டார்.

"இரண்டு" என்றான் கணவன்.

"இருபது மாதிரி இருக்கு. சந்தேகமே இல்லை, அசல் கணவன் மனைவிதான்." முத்திரையைக் குத்தித் தள்ளினார்.

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. கணவன் அவசரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"சிரிக்காதே. முத்திரை காயட்டும்."