புகைபோக்கி இல்லாத கணப்பும் பதினான்காம் விதியும்

சின்ன காஞ்சிபுரம்,
22.4.2003

சிரஞ்சீவி மாப்பிள்ளை ப்ரணவ் அவர்களுக்கு, மாமனார் சக்ரவர்த்தி மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் வத்ஸலாவும் பெருமாள் கிருபையில் நலம். ஹால் சுவர் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அங்கே நீங்களும் ஸிந்துஜாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

போன டிசம்பரில் அமெரிக்காவில் உங்கள் வீட்டில் குளிர் காய வைத்திருக்கிற கணப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இதுமாதிரி ஒண்ணு நம்மாத்துல இருந்தா எவ்வளவு நன்னா இருக்கும்!" என்று நான் சொன்னது வாஸ்தவம். விருந்தாளி சொன்ன ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு கணப்பையே கப்பலில் அனுப்புகிற மாப்பிள்ளை இந்தத் தெருவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. மாப்பிள்ளை கொடுத்ததைப் பரணில் போடுகிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. கருட சேவைக்கு நீங்கள் வரும்போது அது ஹாலில் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பங்குனி வெயிலைப் பொருட்படுத்தவில்லை.

பெட்டி மாடி ஏறுவதற்குள்ளேயே வாட்ச்மேன் கலியன், "சாருக்கு ஃபாரின்லேர்ந்து பீரோ வந்துக்குது" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டான். அன்று மாலையே நம் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் வீரபாகு, விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். மின்சார அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்; நெருப்பு என்று யார் சொன்னாலும் முகம் மாறிவிடும்.

"சார், பதினாலாவது ரூல் இருக்குது. வீட்டுக்குள்ள திறந்த நெருப்பு கூடாது."

"இதுக்குப் புகைபோக்கியே வேண்டாம் ஸார். டப்பால ஜெல்லி மாதிரி இருக்கு. பத்தவெச்சா புகையே வராதாம்."

"புகை வராத நெருப்பு எங்கனா இருக்குதா சார்? அப்படியே இருந்தாலும், இந்த வெயில்ல குளிர் காயறவர் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

அதற்குள் மேல்வீட்டு நீலாம்பாள் இறங்கி வந்துவிட்டாள். கடைகளுக்குப் பட்டுப்புடவை கொடுக்கிறவள். "இன்னாபா இது? எங்கூட்ல கட்டிலுக்கு அடியிலகூட பட்டு இருக்குது. கீழ இவரு குளிர் காய்ஞ்சிக்கினு இருந்தா, மேல நான் பயந்துக்கினு இருக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

சங்கக் கூட்டம் கூடியது. எல்லார் எதிரிலும் ஒருமுறை பற்றவைத்துக் காட்ட வேண்டும், புகை வராவிட்டால் அனுமதி என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு வீட்டு ஜனங்களும் நம் ஹாலில். கலியன் கையில் மணல் வாளி. நான் தீக்குச்சியை உரசவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது, மின்விசிறி நின்றது. ஆனால் மாப்பிள்ளை, புகை? ஒரு இழைகூட இல்லை! "பாக்க அழகாத்தான் இருக்குது" என்று நீலாம்பாளே சொன்னாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு நின்றேன்.

வீரபாகு விடுவாரா? "புகை இல்லன்னா ரூல் இல்லன்னு ஆயிடுமா? படிக்கிறேன், கேளுங்க" என்று விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இருட்டு. கணப்பு வெளிச்சத்தில் குனிந்து, "வீட்டுக்குள் திறந்த..." என்பதற்குள் புத்தகம் பற்றிக்கொண்டது. அவர் உதறிய வேகத்தில் அது சுவரோரம் இருந்த என் பழைய பேப்பர் கட்டின் மேல் விழுந்தது. கலியன் மணலை வீசினான். பாதி நெருப்பின் மேல், பாதி வீரபாகுவின் மேல். யாருக்கும் காயமில்லை. விதிப் புத்தகத்துக்குத்தான் நகல் இல்லை.

சங்கத்துக்கு விதியே கிடையாது என்று தெரிந்ததும் ஜனங்கள் பண்ணின கூத்தை என்னவென்று எழுதுவேன்! கீழ்வீட்டு சபாபதி ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் பசுமாட்டைக் கட்டினார். மாடிப்படி முழுக்க மிளகாய் காய்ந்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே ஏறினார்கள். யாரோ மொட்டைமாடியில் கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பே மூட்டிவிட்டார்கள். வீரபாகு இளைத்துப் போய், "ரூல் இல்லாம கைகால் ஓடல சார்" என்று என்னிடம் வந்து அழாத குறை.

கடைசியில், கூட்டத்துக்குக் கூட்டம் விதிகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட ஒரு பெரியவர் அவற்றை மறுபடி எழுதிக் கொடுத்தார். அதில் பதினான்காம் விதியைக் கேளுங்கள்: "திறந்ததோ மூடியதோ, புகையுள்ளதோ அற்றதோ, உறவினர் அன்போடு அனுப்பியதே ஆயினும், எந்தக் கணப்பும் கூடாது." இவ்வளவு கொடூரமாக எழுத ஒரு மனிதருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! கலங்கிய கண்ணோடு கையெழுத்துப் போட்டேன்.

ஆகையால் கணப்பைச் சாக்கில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் அன்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். நடுவில் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். இனி எதுவும் அனுப்பவும் வேண்டாம். நீங்கள் இருவரும் வந்தாலே போதும். பேரருளாளன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரம் லீவும் அருளட்டும்.

இப்படிக்கு,
சக்ரவர்த்தி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, வத்ஸலா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். அந்தப் பெரியவர் வேற யாருமில்லை, உங்க மாமனாரேதான். எழுதிண்டே தனக்குத்தானே சிரிச்சுண்டார். புழுக்கம் தாங்கலைன்னு உங்ககிட்ட நேரா சொல்லக் கூச்சம். கணப்பு எப்பவும் சாக்குலயே இருக்கறதும் இல்லை. சாயங்காலம் அவர் கோயிலுக்குக் கிளம்பினதும் நானும் நீலாம்பாளும் அதுல கத்திரிக்கா சுட்டு கொத்ஸு பண்றோம். வீரபாகு ஸார்தான் வாசல்ல காவல். அவருக்கு ஒரு கிண்ணம் போறது. ஜெல்லி தீரப் போறது, வரச்சே எத்தனை டப்பா முடியுமோ கொண்டு வாங்கோ. "கேஸ் அடுப்புல இந்த ருசி எப்படிடி வரது?"ன்னு உங்க மாமனார் தினம் கேக்கறார். நீங்களும் சொல்லிடாதீங்கோ.