மரக்காணத்துக் காஷ்மீர்

உப்புக் குவியலின் உச்சியில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் கிடந்தது. சித்திரை மாத வெயிலில், மரக்காணத்து உப்பளத்தில், ஸ்வெட்டர்! காலையில் வேலைக்கு வந்த அமராவதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஸ்வெட்டருக்காக அல்ல. குவியலை மூடியிருந்த கீற்றை எவனோ ஒரு பக்கம் விலக்கிவிட்டு, மேலே ஏறி நன்றாக மிதித்திருந்தான்.

"நான் காஷ்மீர் போய்ட்டு வர்ற வரைக்கும் இது மேல ஒரு காக்கா கூட உக்காரக் கூடாது. அப்படியே இருந்துச்சுன்னா நீதான் மேஸ்திரி" என்று முதலாளி தேவநாதன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த உப்பளத்தில் இதுவரை பெண் மேஸ்திரி கிடையாது. ஆகியே தீருவது என்று அமராவதி முடிவு கட்டியிருந்தாள்.

அந்த வருஷம் ஊருக்கே காஷ்மீர் பைத்தியம் பிடித்திருந்தது. மளிகைக்கடைக்காரர் போனார். பக்கத்து உப்பளத்து நடராசன் மாமியாரோடு போனார். போகாதவன் நாலு பேர் நடுவில் வாய் திறக்க முடியவில்லை. கடைசியில் தேவநாதனும் மனைவி தையல்நாயகியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அமராவதியின் புருஷன் மரியதாஸ் போனை நீட்டினான். "மொதலாளி ஸ்டேட்டஸ் பாரு. பனி மலை மேல கோட்டு, குல்லாவோட நிக்கிறாரு."

"அங்க கூட பனி கொஞ்சம் அழுக்காத்தான் இருக்குது" என்றாள் அமராவதி. "அதை விடு. இங்க ஏறின களவாணி இதைத் தேடிக்கிட்டு வருவான்ல? வரட்டும், பிடிக்கிறேன்."

கால் தடங்களை நிரவிவிட்டு, ஸ்வெட்டரை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு கழியில் மாட்டினாள். அங்கேதான் பிடித்தது சனி.

களவாணி வரவில்லை. கூனிமேட்டிலிருந்து பைக்கில் போன ஒரு புது ஜோடி வந்தது.

"அக்கா, அதைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு போட்டோ. என் ஃப்ரெண்டுங்க எல்லாம் காஷ்மீர் போய்ட்டாளுங்கக்கா." அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அமராவதிக்கு மனசு கேட்கவில்லை. "சரி, ஓரமா நில்லு."

மத்தியானத்துக்குள் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டின. "மரக்காணம் காஷ்மீர் இதுதானே?"

"செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்!" என்று கத்தினாள். வெடிப்பு விழுந்த காலோடு உப்பில் ஏற எவனுக்குத் துணிச்சல் வரும்? வந்தது. ஏறினார்கள். எரிச்சல் தாங்காமல் குதித்தார்கள். அதை எவளோ வீடியோ எடுத்துப் பாட்டோடு போட்டுவிட்டாள். மறுநாள் குதிப்பதற்கென்றே வேன் பிடித்து வந்தார்கள்.

ஒரு ஸ்வெட்டருக்கு ஊரே அடித்துக்கொண்டது. சண்டையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று மரியதாஸ் புதுச்சேரி சந்தையிலிருந்து பழைய ஸ்வெட்டர் ஒரு மூட்டை வாங்கி வந்தான். கூட்டம் இரண்டு மடங்கானது.

"ஏறினவன் எவனும் இறங்க மாட்டேங்கிறானே!" என்று அமராவதி உப்பு வாரும் பலகையைக் கொடுத்தாள். "இதுல உக்காந்து சறுக்கி எறங்குங்கய்யா, சீக்கிரம்!" சறுக்கி இறங்கினவன் எல்லாம் மறுபடியும் ஏறினான்.

அவளும் விடவில்லை. சரிந்த உப்பை வாரி வாரி மேலே போட்டாள். மாங்காய்த் துண்டோடு வந்தவர்கள் அதையும் தொட்டுத் தின்றார்கள்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் முதலாளியின் கார் வந்து நின்றது. பனைமர உயரம் என்று அவர் பீற்றிக்கொண்ட குவியல் இப்போது இடுப்பளவு இருந்தது.

"ஏம்மா, இது உப்பளமா, பொருட்காட்சியா?" தேவநாதன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "மேஸ்திரி வேலையா கேட்ட? நாளையிலேர்ந்து கூலி வேலைக்கும் வராத!"

அமராவதி அவர் முன்னால் போய் நின்றாள். "மொதலாளி, ஆரம்பிச்சது நான் இல்லீங்க. எனக்கு முன்னாடியே எவனோ கீத்தைப் பிரிச்சு ஏறியிருந்தான். அவனைப் பிடிச்சுக் குடுத்தா?"

தேவநாதன் காரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குடு பார்க்கலாம்!" என்று குரலை உயர்த்தினார். "இத்தினி பேர் முன்னாடி சொல்றேன். அந்தத் திருட்டுப் பயலைக் காட்டு, அந்த நிமிஷமே நீ மேஸ்திரி!"

அமராவதி விறுவிறுவென்று போய், சறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையன் மேலிருந்து சிவப்பு ஸ்வெட்டரை உருவிக்கொண்டு வந்தாள். "இதுக்குச் சொந்தக்காரங்க யாரோ, அவங்கதாங்க!" என்று தூக்கிக் காட்டினாள்.

காரிலிருந்து இறங்கிய தையல்நாயகி ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாத்தீங்களாங்க, உங்களை போட்டோ எடுக்கிறப்போ வேர்த்து ஊத்துதுன்னு இங்கதான் கழட்டிப் போட்டேன்னு நான் அப்பவே சொன்னேன்ல!"