வசனம் கொடுக்கும் ஆணைக்குழு

ஸ்காபரோ, கனடா,
14.03.1996

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அமிர்தநாதர் அத்தானுக்கு,

மைத்துனன் அருள்நாயகம் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் கிளடிஸும் மகள் ஜெசிகாவும் சுகம், என் வலது முழங்கால் தவிர. நீங்களும் அக்காவும் ஒஷாவாக் குளிரில் சுகமாயிருக்கச் செபிக்கிறோம். ரெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அக்கா இடையில் பேசுவா, இது இடையில் பேசக்கூடாத விஷயம். அத்தான், உங்கள் மைத்துனனை மாகாண அரசாங்கம் கூப்பிட்டுவிட்டது!

நான் முதியோர் சங்கச் செயலாளர் என்பதால் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு வரச்சொல்லி எனக்கு ஒரு கடிதம் வந்தது. தலைப்பில் 'சென்ரென்ஸிங் கொமிஷன்' என்று பெரிய எழுத்து. சென்ரென்ஸ் என்றால் வசனம், பண்டிதர்கள் வாக்கியம் என்பார்கள், இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வசனம் எப்படி அமையவேண்டும் என்று வழிகாட்டி எழுத ஓர் ஆணைக்குழுவே வைத்திருக்கிற நாடு எப்பேர்ப்பட்ட நாடு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வழிகாட்டியின் பிரதி ஒன்றும் கூட வந்தது. அதன் முதல் வசனம் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. பயனிலையைத் தேடிப் போன நான் பாதிவழியில் திரும்பிவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களுக்கு ஆணைக்குழு அவசியம்தான் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் இலக்கணம் படிப்பித்தவன் நான். இங்கே வந்து ஐந்து வருடமாக, வாகனத் தரிப்பிடக் கூண்டுக்குள் இருக்கும் என்னிடம் சனம் கேட்டதெல்லாம் "காரை எங்கே விடுறது?" என்பது ஒன்றுதான். எனக்குத் தெரிந்ததை ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கியது உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். இலக்கண ஆசிரியனுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று அவரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டேன். ஆணைக்குழுவின் தலைவி அம்மா என்னைப் பார்த்து, சென்ரென்ஸ் நீளமாக இருப்பது நல்லதா, குறுக்கமாக இருப்பது நல்லதா என்று கேட்டா. ஆளைப் பொறுத்தது, பெரியவர்களுக்கு நீளமாகக் கொடுக்கலாம், தாங்குவார்கள், பிள்ளைகளுக்குக் குறுக்கமாகக் கொடுங்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் எந்தச் சென்ரென்ஸிலும் 'லைஃப்', அதுதான் உயிர், இருக்கவேண்டும், லைஃப் இல்லாத சென்ரென்ஸால் ஒருவருக்கும் பயனில்லை என்றேன். முன்வரிசைச் சட்டத்தரணி பேனையைத் தவறவிட்டார். பிந்தி வந்த பெடியன் ஒருவனுக்கு நான் ஒரே நாளில் நூறு சென்ரென்ஸ் கொடுத்ததையும், அவன் இன்றைக்கு வங்கி மனேச்சராக இருப்பதையும் சொன்னேன். பொலிஸ்காரர் ஒருவர் கோப்பியை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். கடைசியாக, அத்தான், எழுந்து நின்று சொன்னேன்: "செய்தவர் யார், செய்தது என்ன, இந்த ரெண்டும் ஐயமில்லாமல் தெரியாமல் ஒரு சென்ரென்ஸையும் முடிக்காதேங்கோ!" எழுவாயும் பயனிலையும்தான் சொன்னேன். மண்டபம் முழுக்கக் கைதட்டல்! தலைவி அம்மா கீழே இறங்கிவந்து என் கையைப் பிடித்து, ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வருவீர்களா என்று கேட்டா. ஓம் என்றேன். பேருந்தில் வீடு வரும்வரை சிரித்த வாய் மூடவில்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். வரப்போகும் பாஸ்கா உங்கள் வீட்டில் சமாதானத்தை நிறைக்கட்டும்.

உங்கள் அன்பு மைத்துனன்,
சா. அருள்நாயகம்
(ஆலோசகர், சென்ரென்ஸிங் கொமிஷன்)

பி.கு.: அத்தான், மேலே எழுதியதைத் தயவுசெய்து ஒருவருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம். முத்திரை ஒட்ட வந்த ஜெசிகா என் பதவியைப் பார்த்துவிட்டு, "அப்பா, உது கிரமர் இல்லை, ஜெயில்! கோர்ட்டில குடுக்கிற தண்டனை!" என்று நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். கிளடிஸோ, "இஞ்சேருங்கோ, நீங்கள் பெடியளுக்குக் குடுத்த வசனமெல்லாம் தண்டனைதானே" என்று அவளோடு சேர்ந்துகொண்டா. நான் கேட்ட 'லைஃப்' அவர்களுக்கு ஆயுள் தண்டனை என்று விளங்க எனக்கு உயிரே போய்விட்டது. உடனே தலைவி அம்மாவுக்குப் போன் எடுத்து, எனக்குச் சட்டம் தெரியாது, இலக்கணம் மட்டும்தான் தெரியும், மன்னியுங்கள், இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அந்த அம்மா அரை நிமிடம் சிரித்தா. பிறகு, சட்டம் தெரிந்தவர்கள் எங்களிடம் பதினாலு பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதுவது ஒருவருக்கும் விளங்குவதில்லை, ஜெயில் மறியலுக்குப் போகிறவனுக்கு ஏன் போகிறான் என்றாவது விளங்கவேண்டாமா, திங்கட்கிழமை வந்து வெட்டித் திருத்துங்கள் என்றா. போனை வைத்துவிட்டு அழுதேன், அத்தான். வெட்கத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது சிவப்புப் பேனை ஒரு பெட்டி வாங்கிவாருங்கள். ஒரு பேனை அவர்களுடைய முதற்பக்கத்துக்கே காணாது.