மிஸ்டர் டேவிட் எடுத்த ஒரே ஒரு பாடம்

கழுத்தில் டை கட்டினால் மூச்சு முட்டும், அறிவு ஏறாது. இதைத் தெரிந்துகொள்ள மற்றவர்கள் காலேஜ் வரைக்கும் போகிறார்கள். எனக்கு ஒரு சனிக்கிழமை காலை போதுமானதாக இருந்தது.

என் படிப்பு இரண்டாம் வகுப்பு. (மூன்றாம் வகுப்பு வாத்தியாரை நான் பார்த்ததே இல்லை. நல்ல மனுஷன் என்று கேள்வி.) யாங்கோனில், தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் தோசைக்கடை போட்டிருக்கிறேன். கடை என்றால் ஒரு கல், ஒரு குடை, கால் ஆடும் சில முக்காலிகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை 'ஊலே' என்பார்கள். பர்மீஸில் சித்தப்பா. என் மகள் மீமீ அதே பள்ளியில் கடைசி வகுப்பு. நான் வாசலுக்கு வெளியே, அவள் உள்ளே.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் என் மனைவி மா ஏ இறந்துபோனாள். பர்மாக்காரி. என்னோடு குடும்பம் நடத்தித் தமிழில் திட்ட மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவில் எல்லாம் கரைந்து, மீமீயின் பள்ளிக் கட்டணம் நின்றுபோனது. சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம்கூட நான் ஜோக் சொன்னேன். அழுதால் நிறுத்தத் தெரியாது என்று பயம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சயாஜி கடைக்கு வந்தார். பள்ளிக்கு முதலாளியும் அவர்தான், ஹெட்மாஸ்டரும் அவர்தான். மகள் பெயரை அடித்துவிட்டதைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ முக்காலியில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"உன்னைப் பார்த்தா இந்தியாவிலிருந்து நேத்து வந்தவன் மாதிரி இருக்கு."

"வந்தது எங்க தாத்தா, சயாஜி. நான் தாமுவேல பொறந்தவன்."

"அது உன் மூஞ்சில தெரியல. நல்லதுதான்."

விஷயம் இதுதான். இங்கிலீஷ் வகுப்புக்கு வெளிநாட்டு வாத்தியார் இருக்கிறார் என்று சொல்லித்தான் அந்தப் பள்ளியில் ஆள் சேர்த்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த அந்த வாத்தியார் பாங்காக்கில் நல்ல வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். சனிக்கிழமை பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள்.

"இங்கிலீஷ் வருமா உனக்கு?"

"மலேசியாவுல ரெண்டு வருஷம் சாப்பாட்டுக் கடையில நின்னவன் சயாஜி."

"ஒண்ணு சொல்லு பாப்போம்."

"ஈட் ஹியர் ஆர் டேக் அவே?"

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "உச்சரிப்பு நல்லாயிருக்கு," என்றார். "சனிக்கிழமை வந்து நில்லு. உன் மக பரீட்சை வரைக்கும் உக்காரட்டும், நான் எதுவும் கேக்க மாட்டேன். வரலைன்னா இந்த மாசத்தோட..." மிச்சத்தைச் சொல்லாமல் சட்னியை வழித்து நக்கினார்.

உண்மையில் அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது சயாமா நிலா, அதாவது நிலா டீச்சர். வெளிநாட்டு வாத்தியார் இருந்த காலத்திலும் அந்த அம்மாள்தான். டாலாவிலிருந்து படகேறி வருவார். கவிதையைப் படித்துக் காட்டுவது, கடினமான சொற்களுக்கு அர்த்தம் சொல்வது எல்லாம் அவர். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு பிள்ளை வாக்கியம் சொல்லி முடித்ததும் சயாமா மூக்குக் கண்ணாடியை இறக்குவார். உடனே நான் "வெரி குட். நெக்ஸ்ட்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

"வேற எதுவும் பேசாதீங்க, ஊலே. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கோங்க," என்றார் சயாமா.

மீமீக்குப் பிடிக்கவில்லை. "வேணாம்ப்பா."

"ஏன், உங்கப்பனுக்கு டை நல்லா இருக்காதா?"

"டை நல்லாத்தான் இருக்கும். உள்ள நீங்க இருப்பீங்களே."

(வாய் அம்மாவுடையது.)

சனிக்கிழமை கைலியை அவிழ்த்துவிட்டு சயாஜியின் பேன்ட்டை மாட்டினேன். அவர் இடுப்பில் என்னைப்போல இரண்டு பேர் வாடகைக்கு இருக்கலாம். பெல்ட் போட்டு இறுக்கி, மேலே டை. கண்ணாடியில் பார்த்தால், சயாஜி எனக்கு வைத்த பெயர்ப்படி, மிஸ்டர் டேவிட். உள்ளே போனதும் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். அன்று காலையில்தான் அத்தனை பேரும் என்னிடம் கூடுதல் சட்னி கேட்டுச் சண்டை போட்டிருந்தார்கள். பாதிப் பேர் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தார்கள். என் மகளும் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்து 'சார்' என்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் பெற்றோர்கள். சயாமா ஒரு கவிதை படித்தார். மலைமேல் ஒரு வீடு, உள்ளே ஆள் இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்று முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தார். (எண்ணெய் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். கவிதையில் அதெல்லாம் கேட்கக் கூடாதாம்.) பிறகு கவிதையில் வந்த ஒரு சொல்லைப் பலகையில் எழுதினார். 'லோன்லி'. பார்க்க எனக்குக் கொடியில் காயும் துணி மாதிரி இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரு வாரமாகப் பாடம் பண்ணியது.

முதல் பிள்ளை சொன்னது. கண்ணாடி இறங்கியது. "வெரி குட். நெக்ஸ்ட்." அடுத்தது. "வெரி குட். நெக்ஸ்ட்." பெற்றோர்கள் தலையாட்டினார்கள். சயாஜி வாசலில் நின்று மீசையைத் தடவினார். எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு கொஞ்சம் நடந்துகூடப் பார்த்தேன்.

மீமீயின் முறை வந்தது. எழுந்தாள். பாடம் பண்ணியதை உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாக இங்கிலீஷில் பேசினாள். அதில் 'மை ஃபாதர்' மட்டும் எனக்குப் புரிந்தது. அடிப்பாவி, காட்டிக் கொடுக்கிறாளோ என்று டைக்குள் வேர்த்தது. கையை என் பக்கம் நீட்டவில்லை, அதனால் இல்லை என்று முடிவு செய்தேன். அப்பனைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறாள் போல. நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் முடித்தாள். மேஜைக்கு அடியில் சிரித்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சயாமாவின் கண்ணாடி இறங்கியது. அன்று காலையில் அது அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. முழுசாகக் கழன்று கைக்கே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் கழற்றினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இருக்கிற பல்லையெல்லாம் காட்டி, அந்த அறையே அதிரும்படி சொன்னேன்: "வெரி குட். நெக்ஸ்ட்."

அடுத்த பிள்ளை எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவளாம். என்னை நேராகப் பார்த்து, கோபமாக, இங்கிலீஷில் எதையோ கேட்டாள். நான் சயாமாவைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். அம்மாள் மறுபடி கேட்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். என் கையிருப்பில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"ஈட் ஹியர் ஆர் டேக் அவே?"

பின்னாலிருந்து ஒருவர் பர்மீஸில் மெதுவாகச் சொன்னார்: "இவர் வாசல்ல இருக்கிற தோசைக்காரர். காலையில இவர்கிட்டதான் பார்சல் வாங்கினேன்."

"மிஸ்டர் டேவிட் வேற, அவர் வேற," என்று ஆரம்பித்த சயாஜியால் அதற்கு மேல் போக முடியவில்லை.

மீமீ இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அவர் எங்க அப்பா," என்றாள்.

டையைக் கழற்றத் தெரியாமல் அப்படியே வராந்தாவுக்கு வந்தேன். சயாமா பின்னால் வந்தார்.

"ஊலே, உங்க மக என்ன சொன்னா தெரியுமா?"

"நல்ல மார்க் வாங்குற மாதிரி ஏதோ சொன்னா."

சயாமா பர்மீஸில் சொன்னார். 'என் அப்பா தனிமையில் இருக்கிறார். விடியும்போது, நான் எழுந்திருப்பதற்கு முன்னால், அம்மா முகத்துக்குப் பூச தனக்காப் பட்டை அரைத்த கல்லிடம் ஜோக் சொல்கிறார். சொல்லிவிட்டு, அது சிரிக்கட்டும் என்று காத்திருக்கிறார்.'

பாயில் சுருண்டு கிடந்த பிள்ளை தூங்குகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அந்தக் கல்லு என்னைக்காவது பதில் சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன், சயாமா," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கலாம் என்று பார்த்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை.

திங்கட்கிழமை மீமீயின் பெயரை எடுத்துவிட்டார்கள். பேன்ட்டை மட்டும் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. காப்பாற்றப் போனவன் கெடுத்துவிட்டு வந்தேன். பிறகு சயாமா நிலாவே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் டாலாவில் தன் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மீமீ படகேறிப் போய்ப் படித்து, தனியாகப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை இங்கிலீஷில் மட்டும் பாஸ். இரண்டாவது தடவை எல்லாவற்றிலும். தோழிகள் அதற்குள் ஒரு வருஷம் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கியாக்தானில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது இன்றைக்கும் தீராத தீனி. கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால் போதும். "மிஸ்டர் டேவிட், ஈட் ஹியரா, டேக் அவேயா?" என்று இலை போடுகிறவனே கேட்பான். மீமீதான் எல்லாருக்கும் கதை சொல்வாள். பேன்ட், டை, கண்ணாடி எல்லாம் வரும். அவள் சொன்ன வாக்கியம் மட்டும் வராது. யாராவது கேட்டால், "ஏதோ ஒரு வாக்கியம், மறந்துபோச்சு," என்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் விடியற்காலையையும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. நான் மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். கல் நனைந்திருந்தது. மீமீ அதன் முன்னால் உட்கார்ந்து தனக்கா அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அவள் அதைத் தொட்டதில்லை.

"சொல்லுங்கப்பா," என்றாள்.

"என்னத்த?"

"இன்னைக்கு உள்ள ஜோக்க."

சொன்னேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இதுக்கு அம்மா சிரிப்பாங்களா?"

"மாட்டா."

"வேற எதுக்காவது சிரிச்சிருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லடி. ஒரு நாளும் சிரிச்சதில்ல."

"அப்ப என்ன சொல்லுவாங்க?"

"'போதும், மாவு புளிச்சிரும், போ'ன்னு சொல்லுவா."

மீமீ இரண்டு கன்னத்திலும் தனக்காவைப் பூசிக்கொண்டாள். கையைக் கழுவினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"போதும்ப்பா. மாவு புளிச்சிரும், போங்க."

போனேன்.