என் பேர் உள்ள அடாப்டர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஒராஸ்பெக் அவர்களுக்கு,

ஜங்காபாய் எழுதுவது. உங்கள் ஆடு மாடு சுகமா, குதிரைகள் சுகமா, அதற்குப் பிறகு நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம். கல்யாணத்தில் நீங்கள் சீராகத் தந்த நெற்றிவெள்ளைக் குதிரையும் சுகம். அதை ஏன் தனியாகச் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் எழுந்து கத்த வேண்டாம், குதிரை இப்போது லாயத்தில்தான் புல் தின்கிறது.

போன வாரம் அடித்த பனிப்புயலில் லாயத்துக் கதவு பிய்ந்து போனது. உங்கள் குதிரை, அதுவும் நிறைசினை, வெளியே போய்விட்டது. ஓநாய்கள் ஊர் எல்லைவரை வருகிற மாதம் இது. கழுத்துப் பட்டையில் டிராக்கர் இருக்கிறதே, என் போனில் பார்த்தால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுமே என்று தைரியமாகப் போனை எடுத்தால், போன் செத்துக் கிடக்கிறது. சார்ஜரைத் தேடினால், குளிருக்காக அடுப்படியில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி அதன் வயரைப் பாதிக்கு மேல் மென்றுவிட்டது. பக்கத்து வீட்டு கப்துல்லாவின் சார்ஜர் என் போனுக்குள் நுழையவே இல்லை. மகன் சாயான் எண்ணெய் வயலில் ஷிப்டில் இருக்கிறான். என் மனைவி கூல்பாரம் பிடித்துக்கொண்டாள். "யோவ் கிழவா, குட்டியை உள்ள கட்டுன்னு சொன்னது யாரு? இப்ப சம்பந்திக்கு என்ன பதில் சொல்லப்போற? குதிரையை ஆடு தின்னுடுச்சுன்னா?" போனால் போகட்டும் என்று விடுகிற குதிரையா அது, சம்பந்தி? உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அப்போதுதான் உங்கள் மகள் ஜாதிரா வந்தாள். அவளைப் பெற்ற வயிறு குளிரட்டும். வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் அல்மாத்தி நகரத்துக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள், ஆனாலும் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்ற முறையை இந்தக் காலத்திலும் விடாமல் காக்கிறாள். என் பெயரில் வருகிற 'ஜங்கா' என்றால் 'புது' அல்லவா, அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை. புது வாளியைக்கூட 'நேத்து வாங்கின வாளி' என்பாள். அப்படிப்பட்ட பெண் லேப்டாப் அடாப்டரைக் கொண்டுவந்து, "இதுல போடலாம் மாமா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது செங்கல் மாதிரி இருக்கிறது, அறுபத்தைந்து வாட் என்று போட்டிருக்கிறது. என் போன் தின்பதோ பதினெட்டு. பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வேண்டாம் வேண்டாம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, சம்பந்த முறைப்படி ஆட்டு ஈரலையும் வால்கொழுப்பையும் உங்கள் கையாலேயே என் வாயில் திணித்தீர்களே, திரும்பி வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தேனே, அந்தக் கதி என் போனுக்கும் வந்துவிடுமே என்று பயந்தேன்.

"பயப்படாதீங்க மாமா. இது உங்க பேரு உள்ள ரகம். எடுத்தவுடனே கொட்டாது. முதல்ல கொஞ்சமா குடுத்து, எவ்வளவு வேணும்னு போன்கிட்ட கேட்கும். போன் சொல்ற அளவுதான் குடுக்கும். நான் உங்களுக்கு டீ ஊத்துறேனே, முதல்ல கிண்ணத்துல அடி மட்டும் ஊத்தி, உங்க மூஞ்சியப் பாத்து மறுபடி ஊத்துறேன்ல, அதே மாதிரி. ஆனா இதோட வந்த வயர்தான் போடணும், சந்தையில வாங்கின கண்ட வயரைப் போடக்கூடாது."

என் பேர் உள்ள ரகம்! கேட்டுக் கொடுக்கும் பண்பு என்றதும் அவளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது பாருங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூல்பாரம், "உன் பேரா? நீ யாரைக் கேட்டுக் குடுத்திருக்க?" என்றாள். பொறாமை. மாட்டினோம். சூடுகூட ஏறாமல், டீ குடித்து முடிப்பதற்குள் போன் பிழைத்துக்கொண்டது. போன் வரைபடத்தில், பழைய ஆட்டுப்பட்டிக்குக் கீழே பள்ளத்தில் உங்கள் குதிரை புள்ளியாக நின்றது. கப்துல்லா டிராக்டர் ஓட்ட, ஜாதிரா போனைப் பார்த்து வழி சொல்ல, நான் கயிற்றோடு பின்னால் தொங்க, போய்ச் சேர்ந்தோம். நெஞ்சளவு பனியில் நின்றது. ஓநாய்த் தடம் சுற்றிலும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வந்திருக்காது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்றிலிருந்து கடையிலும் ஊர்ப் பொதுக் குளியல் வீட்டிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்: லேப்டாப் அடாப்டர் மாதிரி மரியாதை தெரிந்தது உலகத்தில் கிடையாது, எதுவானாலும் தைரியமாகப் போனில் சொருகுங்கள் என்று. ஊரே கேட்டுக்கொண்டது.

நீங்கள் கேட்டபடி ஜாதிராவை வெள்ளிக்கிழமை தாய்வீட்டுக்கு அனுப்புகிறேன். ஒரு மாதம் மனம் குளிர வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் கூரையில் புகை அணையாதிருக்கட்டும்.

அன்புச் சம்பந்தி,
ஜங்காபாய்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஜாதிராவுக்குப் படித்துக் காட்டினேன். குளியல் வீட்டில் நான் சொன்ன இடம் வந்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாமா! நான் உங்களைச் சொல்லல, உங்க பேருல இருக்கிற வார்த்தையைச் சொன்னேன்! இப்ப வர்ற ரகம்தான் கேட்டுக் குடுக்கும். பழசு, அந்த உருண்டை முனை வெச்சது, கேட்கவே கேட்காது, மொத்தமாத் தள்ளிவிட்டுடும்!" அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கப்துல்லா வாசலில் நிற்கிறான். பழைய உருண்டை முனை அடாப்டருக்குச் சந்தையில் போனுக்குப் பொருந்துகிற மூக்கு ஒன்று வாங்கி மாட்டினானாம், கையில் புகைகிற போன். ஆகவே வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள், ஊரை எச்சரிக்கிற வேலை இருக்கிறது. நீங்கள் கிளம்பி வாருங்கள். முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் வீடு வீடாக ஓடி, "புதுசு! புதுசு மட்டும்தான் போடணும்! புதுசு!" என்று தெருவே அதிரக் கத்துகிறாள். முறை போச்சே என்று கூல்பாரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கென்னவோ, சம்பந்தி, என் பேரை இவ்வளவு அக்கறையாக யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.