கல்லூரிக்குப் போகாதவன் போட்ட தரவரிசை

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதை மறைப்பதற்காக லண்டனில் முப்பது வருடம் பாடுபட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் மானம் போனது.

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்பார்கள்; ஆறாம் வகுப்பிலேயே அது தொடங்கிவிடும். அதன்பிறகு ஆட்கள் சாகும்வரை அதைவிட்டு வெளியே வருவதில்லை. இங்கே ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்கள் உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். விளையாடுவது லண்டனில் பிறந்த பிள்ளைகள்; சண்டை பிடிப்பது தகப்பன்மார்.

அந்த வருடம் ஒன்பது அணிகள் பெயர் கொடுத்தன. மைதானம் ஒரு நாளைக்குத்தான் கிடைத்தது. எட்டு அணிக்குத்தான் இடம். தரவரிசை போட்டு, ஒன்பதாவதை வெளியே விட வேண்டும். அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே கூட்டம் நடந்தது. என் மனைவி வசந்தி போட்டிக்குழுச் செயலாளர். நான் அவளைக் காரில் கொண்டுவந்துவிட்டு, கதவோரக் கதிரையில் இருப்பவன்.

(கல்லூரிப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் இன்னும் இவர்கள் வரும் இல்ஃபோர்ட் கடையில்தான் மீன் வாங்குகிறேன்.)

ஆலடிக் கல்லூரிப் பரமண்ணை எழும்பினார். "போனமுறை சந்தியடியை நேருக்கு நேர் வெண்டனாங்கள். அப்ப நாங்கள்தான் மேல. இதில என்ன கதை?"

"துறையடி உங்களை வெண்டது?" என்றார் சந்தியடி ஜெயம்.

"ஒரு மட்சை வைச்சு ஒரு கல்லூரியை அளக்கிறதோ, ஜெயம்? அண்டைக்கு மழை."

"அண்ணை, நீங்கள் எங்களை வெண்டதும் மழையிலதான்."

"அது வேற மழை."

ஜெயமும் குறைந்தவரில்லை. கோல் எண்ணிக்கைதான் நீதி என்று மேசையில் தட்டினார். எண்ணிப் பார்த்ததும், கோல் என்பது அதிர்ஷ்டம் என்றார். கடைசியில் பரமண்ணையின் கண் என்மேல் விழுந்தது.

"இவர் ஒரு கல்லூரிக்கும் போகேல்லை. இவருக்கு என்ன பக்கச்சார்பு? இவரே வரிசையைப் போடட்டும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறைத்துவந்தது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது; எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உள்ளுக்குள் யாரோ மாலை போட்டமாதிரி இருந்தது.

ஒரு கிழமை முழுக்க, வேலையிடத்தில் பெட்டி அடுக்கும்போதும் அதே யோசனை. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று வாசித்தேன். "எட்டாவது துறையடி. குளத்தடி வெளியில."

குளத்தடியின் கோல்காப்பாளர் என் மகன் கபிலன். தாய்மாமன் படித்த கல்லூரி என்று அவன் அந்த அணியில் போய்ச் சேர்ந்தவன். முழங்கால் பழுதாகி, இதுதான் கடைசி வருடம் என்று சனிக்கிழமை தவறாமல் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

பரமண்ணைக்குக் கண் கலங்கியது. "சொந்த மகன்ர அணியையே வெட்டிப்போட்டார். இதெல்லோ நடுநிலை." கை தட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். (மகனைத் தேர்க்காலில் இட்ட ராசாகூட என்னைவிட ஒரு படி கீழேதான் என்று அப்போது பட்டது.)

வசந்தி குறிப்பு எழுதுவதை நிறுத்தினாள். "குளத்தடிக்கு மூண்டு வெற்றி. துறையடிக்கு ரெண்டு. எப்பிடி?"

"நடத்தையும் பார்த்தனான். குளத்தடிக்கு ரெண்டு மஞ்சள் அட்டை."

"துறையடிக்குச் சிவப்பு அட்டை."

"அது... விளையாட்டு வேகம்."

சொன்னது என் வாய். ஆனால் குரல் பரமண்ணையுடையது.

வசந்தி கண்ணாடியைக் கழற்றினாள். "இஞ்சேருங்கோ, குளத்தடி உங்களை ஆறாம் வகுப்புக்கு எடுக்காமல் விட்ட கல்லூரி எல்லோ?"

உண்மைதான். பதினொரு வயதில் அந்த அலுவலக வாசலில் அம்மாவோடு ஒரு காலை முழுக்க நின்றேன். இடமில்லை என்றார்கள். அதை மறந்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன். (மகனின் ஆட்டங்களைக் காருக்குள் இருந்தே பார்த்தது குளிரால் என்றும் நம்பியிருந்தேன்.)

முதலில் சிரித்தவர் ஜெயம். பிறகு மேசையே சிரித்தது. பரமண்ணை என் தோளைத் தட்டினார். "நாற்பது வருசக் கோபம், தம்பி. நாங்கள் போன வருசக் கோபத்தை வைச்சுக்கொண்டு கத்திறம்."

குளத்தடி உள்ளே வந்தது. வசந்தி எழுதினாள்: "தரவரிசையாளரின் பழைய பகையால் ஏற்பட்ட பிழை திருத்தப்பட்டது." அந்தக் குறிப்பு ஒன்பது சங்கங்களுக்கும் போனது. கபிலன் அரையிறுதிவரை விளையாடினான். நான் முதல்தடவையாகக் காரைவிட்டு இறங்கி நின்று பார்த்தேன். நடுவருக்குக் கண் தெரியாது என்று கத்தினேன் என்றும் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் குளத்தடிச் சங்கம் எனக்குக் கௌரவ உறுப்பினர் அட்டை அனுப்பியது. கபிலன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அருகே "ஆறாம் வகுப்பு, புதுப் பிள்ளை" என்று எழுதினான். அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் என்னை ஒரு வகுப்பு ஏற்றிவிடுகிறான். இப்போது ஒன்பதில் இருக்கிறேன். வீட்டில் எதற்காவது நான் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தால், மருமகள் சிரிக்காமல் சொல்கிறாள்:

"மாமா, நீங்கள் முதல்ல பத்தாம் வகுப்புக்கு வாங்கோ. பிறகு பார்ப்பம்."